மண் போடாத குழாய்

சலவைக்கடைக்காரர் தன் மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது. சட்டை வாங்க வந்த ஆள் சட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிட முடியாது. "உட்காருங்க, பெட்டி சூடாகட்டும்" என்பார். இஸ்திரிப்பெட்டி ஏற்கெனவே கொதித்துக்கொண்டுதான் இருக்கும்.

"நம்ம வீட்டுக்காரம்மா மண்ணை ஆராயுறாங்க. பயிருக்கு மணிச்சத்துன்னு போடுறாங்கல்ல, பாஸ்பரஸ்? அது மண்ணுக்குள்ள பல வடிவத்துல இருக்கு. உங்க வீட்டுத் துணி மாதிரின்னு வச்சுக்குங்க. கொஞ்சம் கொடியில தொங்குது, சட்டுனு எடுத்து மாட்டிக்கலாம். கொஞ்சம் பீரோவுல கிடக்கு. மிச்சமெல்லாம் சாவி தொலைஞ்ச பெட்டிக்குள்ள! வீடு நிறையத் துணி, மாட்டிக்க ஒண்ணுமில்ல. பயிரோட கதி அதுதாங்க."

இந்தத் துணிக் கணக்கு அவர் சொந்தச் சரக்கு. அதையே மனைவி தன் மாணவர்களுக்கு வகுப்பில் எடுத்துச் சொன்னார் என்று தெரிந்த நாளில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

தெருவில் அந்த மனைவிக்கு மண்ணம்மா என்று பெயர். உரக்கடைக்காரர் மகள். "வருஷா வருஷம் மூட்டை மூட்டையா வாங்கிட்டுப் போறாங்களே, போட்டதெல்லாம் எங்கப்பா போகுது?" என்று சின்ன வயதில், அதுவும் கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டுவைத்தவர். அப்பா கண்ணை உருட்டி உள்ளே விரட்டினார். கேள்வியை விரட்ட முடியவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே படித்து ஆய்வகம் வரைக்கும் வந்துவிட்டார். மேட்டுச் செம்மண் வயல்களில் போட்ட சத்தெல்லாம் இரும்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிறைந்து கிடக்கிறது, அதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பயிருக்குக் கிடைக்கும், இனிப் பாதி உரம் போதும் என்பது மண்ணம்மாவின் கட்சி. "சோதனையில காட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார் ஆய்வக இயக்குநர்.

அந்த நேரம் பார்த்து ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாயைப் பிரித்துப்போட்டு வேலை, கழுவ வழியில்லை. அமிலத்தில் ஊறி எடுத்த கண்ணாடிக் குப்பிகளும் சோதனைக்குழாய்களும் பெட்டிபெட்டியாக வீட்டுக்கு வந்தன. "என்னங்க, கேன்ல இருக்கிற வடிச்ச தண்ணியில அலசிக் கவுத்துடுங்க, போதும்" என்று மண்ணம்மா சொல்லிவிட்டுப் போனார்.

வெறும் தண்ணீரில் அலசுவதா? யாரிடம் வந்து என்ன பேச்சு! கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையையும் கடைக்குத் தூக்கிப்போய், உயர்ந்த சலவைத்தூளைப் போட்டு, நுரை பொங்கப் பொங்கத் தேய்த்து, பளபளவென்று திரும்பக் கொண்டுவந்து வைத்தார். மூச்சு விடவில்லை. அவளாகப் பார்த்துப் பாராட்டட்டும் என்று காத்திருந்தார்.

பாராட்டு வரவில்லை. ஒரு நாள் மண்ணம்மா சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதார். மண்ணிலிருந்து இறக்கிய நீரில் மருந்தைவிட்டால் பாஸ்பரஸ் இருக்கிற அளவுக்கு நீலமாகும். பக்கத்திலேயே மண் போடாத குழாய் ஒன்று வைப்பார்கள். அது நிறமில்லாமல் நிற்க வேண்டும். இந்தத் தடவை அதுவும் நீலமாகிவிட்டது. அது நீலமானால் மற்ற எந்த நீலத்தையும் நம்ப முடியாது.

"வயலையெல்லாம் உழுது புது உரம் போட்டாச்சுங்க. இனிமே அங்க மண் எடுக்க முடியாது. இருக்கிற மண்ணு இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். தப்பு எங்கன்னு தெரியாம அதைத் தொடக் கை வரல. தண்ணியா, ஆசிட்டான்னு எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தேற்றுகிறேன் பேர்வழி என்று, "குப்பி மேல மட்டும் சந்தேகமே வேணாம்மா. இருக்கிறதுலயே ஒசத்தித் தூளைப் போட்டுல்ல தேய்ச்சேன்!" என்றார்.

மண்ணம்மாவின் அழுகை நின்றது. "தூளா?"

"பின்னே?"

"அட கடவுளே! அந்தத் தூள்லயே பாஸ்பரஸ் இருக்குங்க!"

மண்ணம்மா தலையில் அடித்துக்கொண்டார், விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரரே கடையைப் பூட்டிவிட்டு ஆய்வக வாசலில் போய் நின்றார்.

"எப்படிக் கழுவணும்னு சொல்லிக்கொடு. கெடுத்தவன் நான், நானே கழுவுறேன்."

அமிலத்தில் ஊறவைத்து, வடித்த நீரில் அலசி, மறுபடி அலசி, மறுபடியும் அலசினார். நுரையே இல்லாமல் இதுவும் ஒரு கழுவலா என்று கை பரபரத்தது. அடக்கிக்கொண்டார். கடைசி மண்ணும் குப்பிக்குள் போனது. மருந்து விட்டதும் குழாய்கள் ஒவ்வொன்றாக நீலமாயின. அவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மண் போடாத குழாயையே முறைத்துக்கொண்டு நின்றார். அது தண்ணீராகவே நின்றது.

முடிவைச் சொல்லும் நாளில் கூடம் நிறைய விவசாயிகளும் அதிகாரிகளும். தானே தேய்த்த சட்டையில் கடைக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சத்து எங்கே, எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று மண்ணம்மா புட்டுப்புட்டு வைத்தார். இயக்குநர் விடவில்லை.

"இந்த நீலமெல்லாம் மண்ணுல இருந்துதான் வந்துச்சுன்னு எப்படிம்மா நம்புறது?"

மண்ணம்மா திரையில் ஒரு படத்தைப் போட்டார். வரிசையாக நீலக் குழாய்கள், முதலில் மட்டும் ஒன்று நிறமில்லாமல். அவர் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையில் படபடவென்று கைதட்டல். கூடமே திரும்பிப் பார்த்தது.

"யாருய்யா அது?" என்றார் இயக்குநர்.

மண்ணம்மா ஒலிபெருக்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர் சார். அந்த முதல் குழாயைக் கழுவினது அவருதான்."

இயக்குநர் எழுந்து திரைக்குக் கிட்டே போய் அந்த நிறமில்லாத குழாயைப் பார்த்தார். "சரிம்மா, பாதி உரம் போதும்னே விவசாயிங்களுக்குச் சொல்லிடுவோம்" என்றார். கூடம் முழுக்கக் கைதட்டியது. கடைக்காரர் மட்டும் தட்டவில்லை. தேய்த்த சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.