கிரகண நாளில் சொன்ன பொய்

கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறிய நாளிலிருந்து அந்த வளவில் இராசமலரின் கை படாத இடமில்லை. மண்சுவர் வைத்தது, கிடுகு வேய்ந்தது, வயலில் களை பிடுங்கியது எல்லாவற்றிலும் அவள் பங்கு இருந்தது. கலியாணமாகிப் பத்து வருடமாகியும் பிள்ளை மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கவலையை ஒருமாதிரி விழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால்தான், கொழுந்தன் மயில்வாகனம் யாழ்ப்பாணத்திலிருந்து பத்மாசனியை மணமுடித்துக் கூட்டிவந்தான். வந்த வருடமே பத்மாசனி பிள்ளைத்தாச்சி.

அதன்பிறகு மீனில் நடுத்துண்டு பத்மாசனிக்குப் போனது. கிணற்றில் தண்ணீர் அள்ளுவது இராசமலருக்கு வந்தது.

ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம் முழுச் சூரிய கிரகணம் வரப்போவதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த இராசமலரின் புருஷன் அப்புத்துரை, இராச்சாப்பாட்டின்போது கைவிளக்கை நடுவில் வைத்து, புளிப்புக்கு வைத்திருந்த ஒரு தேசிக்காயைக் கண்ணுக்கு நேரே பிடித்தான்.

"விளக்குத்தான் சூரியன். இது சந்திரன். என்ர முகம் பூமி. இது குறுக்கால வந்தால் விளக்கு மறையுது. பாம்புமில்லை, ஒண்டுமில்லை."

"சூரியன் எவ்வளவு பெரிசு! அதை இந்தச் சின்னன் மறைக்குமோ?" என்று இராசமலர் கேட்டாள்.

"கிட்ட நிண்டால் மறைக்கும்தானே அக்கா?" என்றாள் பத்மாசனி. "அப்ப ஏன் அத்தான், அமாவாசைக்கு அமாவாசை கிரகணம் வாறேல்லை?"

"அப்பிடிக் கேள், பிள்ளை!" அப்புத்துரையின் முகம் மலர்ந்தது. "சந்திரன் போற பாதை கொஞ்சம் சரிவு. மற்ற அமாவாசையளில மேலால போயிடும், இல்லாட்டிக் கீழால போயிடும். மூண்டும் நேர்கோட்டில வந்தால்தான் நிழல் எங்களில விழும். நிழலும் ஒடுக்கம். பொலநறுவைப் பக்கம் பகலே இருட்டாகுமாம். எங்களுக்கு ஒரு கீற்று மிஞ்சும்."

'அப்பிடிக் கேள்' என்று அவன் தன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பது இராசமலருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கிரகணத்தன்று காலை அப்புத்துரையின் தாயான மாமி பத்மாசனியை உள்ளறைக்குள் விட்டு, யன்னலைச் சாக்கால் மூடினாள். பிள்ளைத்தாச்சியில் கிரகண வெளிச்சம் படக்கூடாதாம்; பட்டால் பிள்ளையில் மறு விழுமாம். கத்தி தொடக்கூடாதாம். பிறகு இராசமலரைப் பார்த்து, "நீ மாட்டை அவிட்டுக் கட்டு, பிள்ளை. உனக்கென்ன, வெளியில நிக்கலாம்" என்றாள்.

மாமி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் இராசமலரைச் சுட்டது. தன் மேனியில் எந்த வெளிச்சம் பட்டாலும் கேட்க ஆளில்லை. கயிற்றைக் கையில் எடுத்தவள் அதைக் கீழே போட்டாள்.

"மாமி, எனக்கும் இந்த மாதம் தள்ளிப் போச்சுது."

மாமி கண்கலங்கி, முருகனைக் கூப்பிட்டு, அவளையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். மாட்டை அப்புத்துரை பார்த்துக்கொண்டான்.

இருட்டில் பத்மாசனி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமோ! நீங்கள் வெளியில நிண்டு கிரகணத்தைப் பாக்கப்போறியள், என்னைப் பூட்டி வைக்கினமே எண்டு காலமையிலயிருந்து உங்களில எரிச்சலாயிருந்தனான்."

தன்னைப் பார்த்தும் ஒருத்தி எரிந்திருக்கிறாள்! இராசமலருக்கு அது இனித்தது. உடனே வெட்கமும் வந்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் கூரைக் கிடுகின் ஓட்டைகளால் விழுந்த வெளிச்சப் பொட்டுகள் மாறத் தொடங்கின. வட்டமாக இருந்தவை கடிபட்டு, மெலிந்து, பிறைகளாயின. தரையிலும் சுவரிலும் எத்தனையோ பிறைகள். ஒவ்வொரு ஓட்டையும் மறைகிற சூரியனின் படத்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியே காகங்கள் அடங்கின.

"அக்கா, பாருங்கோ!" பத்மாசனி எழுந்து நின்றாள். ஒரு பிறை அவள் வயிற்றுச் சேலையில் விழுந்தது.

இராசமலர் அந்தப் பிறையைப் பார்த்தாள். தள்ளி நில் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை. பிறை நூலாக மெலிந்து, மறுபடி தடிக்கும்வரை பத்மாசனி அங்கேயே நின்றாள்.

இரண்டு கிழமை கழித்து இராசமலர், "மாமி, வந்திட்டுது" என்றாள். மாமி அவள் தலையைத் தடவினாள். அந்தத் தடவலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

ஐப்பசி மழையில் பத்மாசனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. குளிப்பாட்டுகிறேன் என்று முதலில் வாங்கியது இராசமலர்தான். விரல், காது, முதுகு, பாதம் என்று பிள்ளையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். ஒரு மறு இல்லை, ஒரு வடு இல்லை. பெருமூச்சு வந்தது. அது ஆறுதலா, ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"என்னக்கா, வடிவான பிள்ளையோ?" பாயிலிருந்து பத்மாசனி கேட்டாள்.

அந்தக் குரல் கேட்டதும் பிள்ளை வீரிட்டு அழுதது. "ஓம், உன்னைப் போலத்தான்" என்று சொல்லி, இராசமலர் இன்னும் கொஞ்சநேரம் பிள்ளையைக் கொடுக்காமல் வைத்திருந்தாள்.