பதினொரு ஆட்டுச் சம்பந்தம்

கைப்பிடியை முன்னுக்கு இரண்டு சுற்று, பின்னுக்கு ஒரு சுற்று. மைக்ரோபிலிம் திரையில் ஞானஸ்நானங்கள் ஓடுகின்றன. சிட்னி நூலகத்தின் அந்த மூலைக் கதிரை, சனிக்கிழமைகளில் கதிர்காமநாதனுக்கு உரியது. பக்கத்துக் கதிரை அவருடைய குடைக்கு.

வெள்ளைக்காரர் தங்கள் பாட்டனைத் தேடி அங்கே வருகிறார்கள். இவர் தேடுவது சம்பந்தியின் பாட்டனை. மகள் யோகா, கட்டினால் பீற்றரைத்தான் என்று நிற்கிறாள். முப்பது வருடம் யாழ்ப்பாணக் காணிக் கந்தோரில் உறுதிப் பத்திரங்கள் புரட்டியவர் விசாரிக்காமல் பெண் கொடுப்பாரா? ஊரென்றால் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஏழு தலைமுறையும் வந்து விழும். சிட்னிச் சந்தியில் விளக்குக் கம்பம் மட்டுமே நிற்கிறது. அது வாய் திறப்பதில்லை. ஆகவே பீற்றரின் பூர்வீகமான லிற்றில் மார்டன் என்ற இங்கிலாந்துக் குக்கிராமத்தின் தேவாலயப் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டார்.

எட்டே சனிக்கிழமையில் அந்தக் கிராமம் அவருக்கு அத்துப்படி.

"கொல்லன் ஜோனின்ரை இரண்டாந்தாரம் சரியான வாய்க்காரி," என்பார் சோறு பிசைந்தபடி.

"பதிவிலை வாயும் எழுதிக் கிடக்கோ?" என்பார் மனைவி நாகேஸ்வரி.

"மூண்டு பிள்ளையின்ரை ஞானஸ்நானத்துக்கு மூண்டு பாதிரி. ஒருத்தனும் நிண்டு பிடிக்கேல்லை. விளங்கேல்லையே?"

ஒன்பதாவது சனி இடி விழுந்தது. பீற்றரின் பாட்டனுக்குப் பாட்டன் பதினொரு ஆடு களவெடுத்து, கால்விலங்கோடு இந்த நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டவன். பாதிரியாரே ஓரத்தில் குறித்துவைத்திருந்தார்.

"அப்பா, நூற்றைம்பது வருசத்துக்கு முந்தின கதை!" என்றாள் யோகா, கண் கலங்க.

"உறுதியிலை வில்லங்கம் விழுந்தால் விழுந்ததுதான், பிள்ளை."

சம்பந்தம் சரிவராது என்று நாகரிகமாகச் சொல்ல, படியெடுத்த தாளோடு பீற்றரின் தாயிடம் போனார். அந்த அம்மாள் வாசித்தார். வாயைப் பொத்தினார். கதிர்காமநாதன் அனுதாபமாகத் தலையைக் குனிந்தார்.

"பதினொன்றா!" என்று அம்மாள் கூவினார். "பக்கத்து வீட்டுக்காரி தன் பாட்டனும் கைதி என்று பத்து வருடமாகப் பெருமையடித்து நெளிப்புக் காட்டுகிறாள். அவன் வெறும் கோழிக் கள்ளன்!" உடனே தொலைபேசிக்கு ஓடினார். கதிர்காமநாதனுக்குக் கேக் இரண்டு துண்டு கிடைத்தது.

வீட்டு வாசலிலேயே நாகேஸ்வரி மறித்தார். "என்னப்பா, முறிச்சுப்போட்டீங்களோ?"

"பதினொரு ஆடெண்டால் சும்மாவே? லேசுப்பட்ட குடும்பமில்லை," என்றார் அவர்.

பிறகு குசினிக்குள் போய் மஞ்சளைக் குழைத்து, படியெடுத்த அந்தத் தாளின் நான்கு மூலையிலும் கவனமாகத் தொட்டு வைத்து, பிள்ளையார் படத்தடியில் வைத்தார்.