அடுப்படியிலிருந்து ஓர் ஆமென்

என் கையெழுத்து கோணல் மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு எஸ்டேட் வேலைக்கு வந்தவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்றைக்கும் திண்டாட்டம். வாய்ப்பேச்சு அதைவிட மோசம். வேதபாடம் வாசிக்கக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்து, கோயிலில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தே தலை நரைத்துவிட்டது. அதனால்தான் சொல்லாமல் எழுதுகிறேன்.

இன்று காலையிலிருந்து சாரல். என் மனைவி மேரி, நனைந்த கம்பளியை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருந்தாள். ஈரக் கம்பளியும் விறகுப் புகையும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும். நனைந்த நாய் மாதிரி என்பாள் மேரி. எனக்கு அது வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தின் வாசனை.

கீழ் கோத்தகிரிச் சரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக எங்கள் லைன் வீடுகள். வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். இந்த வாரம் ஒரு கதவு என்றால் அடுத்த வாரம் அடுத்த கதவு. முறை வந்த வீட்டுக்காரர் எழுந்து சாட்சி சொல்லி, ஜெபம் பண்ணி, எல்லோருக்கும் பால் சேர்க்காத கட்டன் டீ கொடுக்க வேண்டும். தேயிலைக் காட்டிலிருந்து நேராக வருவதால், மழைக்குப் போர்த்திய கம்பளிகள் வாசலில் சொட்டிக்கொண்டு தொங்கும். கீழே செருப்புகள். எங்கள் மகன் ஜோயலுக்கு அந்தச் செருப்புகள்தான் விளையாட்டு. சிலதை ஒளிப்பான், சிலதை ஜோடி மாற்றி வைப்பான். ஃபேக்டரியில் வேலை பார்த்த ஞானமுத்து அண்ணன் ஒருமுறை, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் சாராள் அக்காவின் செருப்புமாக வீடு வரை போய்விட்டார்.

ஜோயல் நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டான்.

அதற்குப் பிறகு எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. கண்ணை மூடினால் எதிரில் ஆளே இல்லாத மாதிரி இருந்தது. இனிமேல் கோயிலும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். சொல்லக் கூச்சமாக இருந்ததால் மேரியிடம்கூடச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போது எங்கள் முறை வந்தது. கூட்டத்தை நடத்துகிறவர் சாராள் அக்கா. கொழுந்து பறிப்பதிலும் பேச்சிலும் அவரை முந்த ஆள் கிடையாது. வாசலில் வந்து நின்றார்.

“இந்த வாரம் உங்க ஊடுங்க தம்பி.”

“எங்க ஊட்டத் தாண்டிப் போயிருங்கக்கா. எனக்கு ஜெபம் வர்றதில்ல.”

“வராட்டி உடுங்க. எங்களுக்கு வருது, நாங்க பண்ணிக்கறோம். நீங்க ஆமென் மட்டும் சொல்லுங்க.”

“அதுவும் பொய்யாப் போயிருமுங்களே.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப அதையும் நாங்களே சொல்லிக்கறோம். நீங்க டீயப் போடுங்க.”

அன்றிலிருந்து யார் வீட்டில் கூட்டம் என்றாலும் நான் அடுப்படியில். உள்ளே பாட்டும் ஜெபமும் நடக்கும், நான் விறகைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். “ஏனுங்க, ஆண்டவரு உங்கள டீ மாஸ்டராத்தான் அழைச்சாருங்களா?” என்று ஞானமுத்து அண்ணன் சீண்டுவார். அது எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்கள் எல்லோரும் எங்களிடம் ஆஸ்பத்திரியில் பேசுவது போல மெதுவாகப் பேசினார்கள். ஜோயல் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

தேயிலையைக் கவாத்து வெட்டும்போது செடி முழுவதையும் குச்சியாக்கிவிடுவோம். பக்கத்தில் ஒரு கிளையை மட்டும் இலையோடு விட்டுவைப்போம், செடி மூச்சு விடுவதற்கு. எனக்கு விட்டுவைத்த கிளை அந்த அடுப்படிதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது புகை கண்ணைக் கரித்தது மட்டும்தான் தெரியும்.

பல மாதம் அப்படியே போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, ஞானமுத்து அண்ணன் வீட்டில் கூட்டம். சாராள் அக்கா ஜெபம் பண்ணினால் லேசில் முடியாது. மழைக்கு ஸ்தோத்திரம், அட்டை கடிக்காததற்கு ஸ்தோத்திரம் என்று போய்க்கொண்டே இருந்தார். அப்படியே குரல் மாறாமல், “ஜோயல் தம்பிய எங்க செருப்ப ஒளிச்சு வெளையாட நாலு வருசம் குடுத்தீங்களே ஆண்டவரே, அதுக்கு ஸ்தோத்திரம். அந்தச் சிரிப்பு எங்களுக்கு மறந்து போயிரக் கூடாதுங்க” என்றார். ஆண்டவருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

“ஆமென்” என்று சத்தமாக ஒரு குரல் வந்தது. என் குரல்தான். அக்கா இன்னும் முடிக்கவே இல்லை.

“டீ கொதிச்சிருச்சாட்ட இருக்குதுங்க” என்றார் ஞானமுத்து அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். மேரி அழுதுகொண்டே சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஏன் எடுத்துக்கொண்டீர் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் வரவில்லை. ஆனால் கேட்பதற்கு எதிரில் ஆள் இருக்கிறார் என்பது மறுபடி தெரிந்தது. அந்தக் கேள்வியையும் வைத்துக்கொண்டே ஜெபம் பண்ணப் பழகினேன், வாய்க்குள்ளேயே. ஜோயல் பெயரைச் சத்தமாகச் சொல்லும் வேலையை மட்டும் அக்காவிடமே விட்டுவிட்டேன். வருஷா வருஷம் அவரும் விடாமல் சொன்னார்.

ஃபேக்டரி மூடிய பிறகு, எங்கள் வீட்டைத் தவிர லைன் வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஞானமுத்து அண்ணன் மேட்டுப்பாளையம் போனார், இப்போது இல்லை. சாராள் அக்கா மகனோடு திருப்பூர் போய், அங்கேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். காலி வீடுகளின் ஓடுகளைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். சுவருக்குள் செடி முளைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜெபம் இப்போது செல்போனில் நடக்கிறது. எங்கெங்கேயோ இருக்கிற நல்ல மனிதர்கள். யாரும் ஜோயலைப் பார்த்ததில்லை.

போன வெள்ளிக்கிழமை போனை அணைத்துவிட்டு மேரியும் நானும் உட்கார்ந்திருந்தோம். சொல்ல இனி வேறு ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வாய்விட்டு அவன் பெயரைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினேன். மேரி ஆமென் சொன்னாள்.

எழுதி முடித்தது: தவக்காலம், இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம்.