பெரியப்பாவின் கார் சாவி

பெரியப்பா முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் ஒரு பழைய கார் வாங்கி, செங்கம் ரோட்டிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நான் நான்காவது படித்த வருடம், அவர் திருப்பங்களில் வேகத்தைக் குறைத்து, "எந்தப் பக்கம் பாப்பா?" என்று கேட்கத் தொடங்கினார். என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். ஒரு தடவைகூட நான் தப்பாகச் சொன்னதில்லை.

ஒருநாள் அவர் கேட்கவில்லை. கார் கிரிவலப் பாதையில் திரும்பி மலையைச் சுற்றிக்கொண்டு போனது. குபேர லிங்கம் இரண்டாவது முறை வந்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று கணக்குப் பரீட்சை. பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். டீச்சரிடம் டயர் பஞ்சர் என்று சொன்னேன். பொய்யை நானாகவேதான் சொன்னேன்.

டீச்சர் அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். சாயங்காலம் அப்பா பெரியம்மாவிடம், "இனிமே அண்ணன் கையில வண்டியக் குடுக்காதீங்க அண்ணி. டாக்டரே சொல்லிட்டாரு இல்ல" என்றார்.

"மறதி கொஞ்சம் ஜாஸ்தி, அவ்ளோதான். ஸ்டியரிங் பிடிச்ச கை மறக்குமா?" என்றாள் பெரியம்மா.

ஆனாலும் மறுநாள் காலை, கோயிலுக்குப் போகவேண்டும் என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். முதல் திருப்பத்தில் பெரியப்பா என்னைப் பார்த்தார். அவள் காதில் விழாமல் விரலால் காட்டினேன். இரண்டாவதிலும் காட்டினேன். பெரியம்மா எதுவும் கேட்கவில்லை. கோயில் வந்தபோது இறங்கவும் இல்லை.

சாயங்காலம் அவர் எதிரே போய்க் கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"நான் யார் மேலயாவது இடிச்சிருக்கேனா?"

"இல்ல. அது அப்படியே இருக்கட்டும்னுதான் கேக்கறேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோ. பெரியப்பாவும் கூட வந்தார். வழி காட்டும் என்னுடைய வேலை போய்விட்ட கோபத்தில் நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் வரும்வரை அவர் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். நான் விழுந்துவிடக்கூடாது என்று பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.