மடியில் இருந்த சர்டிபிகேட்

ரயில் விபத்தில் அடிபட்டவர்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், நல்லகாமன் உசிலம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கட்டில் கட்டிலாக நின்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"டிக்கெட்ட பத்திரமா வைங்க. கெடுவுக்குள்ள நஷ்டஈட்டு மனு போட்டுருங்க. பட்ட அடியக் கொறச்சு மட்டும் சொல்லிராதீக."

சிலர் அவரைப் புரோக்கர் என்று நினைத்து விரட்டினார்கள். நர்ஸுகள் "வக்கீலய்யா வந்துட்டாரு" என்று சிரிப்பார்கள். தன் பேரைக் கையெழுத்தாகப் போட மட்டுமே தெரிந்த வக்கீல் அவர். அந்த ஒரு கையெழுத்துதான் அவரைக் கெடுத்ததும்.

"உங்க வீட்டுல யாருக்கு அடிபட்டுச்சு?" என்று எவராவது கேட்டால், "எங்க ஊர்ல ஒருத்தருக்கு" என்று சொல்லி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார்.

அந்த ஒருத்தர் அவர் பெற்ற மகள் செல்லத்தாய்.

எழுபத்தாறில் போடி ரயில் தடம் புரண்டபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. வலது கை ஜன்னலில் சிக்கி நசுங்கியது. எலும்பு கூடிவிட்டது, நரம்பு கூடவில்லை. விரல்கள் மடங்க மறுத்தன. இனி அந்தக் கை எதையும் பிடிக்காது என்று டாக்டர் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். செல்லத்தாய் அழுது முடித்த பிறகு தெளிவாகத்தான் பேசினாள்.

"நஷ்டஈடு வந்தா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதா ஒரு கடை வச்சு ஒக்காந்துக்கிருவேன்யா. யாரு கையையும் எதிர்பாக்க வேணாம்."

நல்லகாமனுக்கோ வேறு கவலை. தங்கை அழகம்மாளின் மகன் காசிமாயன் முறை மாப்பிள்ளை. ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். கையில் கட்டைப் பார்த்துத் தங்கை பதறியபோது, "சுளுக்குத்தான் தாயி, சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டார். வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதே பிறகு அவருக்குப் பிழைப்பாகிவிட்டது.

நஷ்டஈட்டு அதிகாரி விசாரணைக்குக் கூப்பிட்ட அன்று, அண்ணன் மகளுக்குத் துணையாக அழகம்மாளும் கிளம்பி வந்தாள். வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? அதிகாரி நல்ல மனுஷன். பொறுமையாகவே கேட்டார்.

"பொண்ணுக்குக் கை எப்படி இருக்கு? டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?"

சர்டிபிகேட் வேட்டி மடியில் இருந்தது. மடிப்பு வயிற்றில் உறுத்தியது. பக்கத்திலேயே தங்கை நின்றாள்.

"லேசான காயந்தாங்கய்யா. இப்ப நல்லாயிருச்சு."

செல்லத்தாய் அப்பனை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குமாஸ்தா "பூரண குணம்" என்று எழுதி உரக்க வாசித்தார். நல்லகாமன் கையெழுத்துப் போட்டார். வந்த தொகை கல்யாணப் பந்தலுக்கே பத்தவில்லை.

முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைக்க முடியும்? கல்யாணமான மூன்றாம் நாளே கிணற்றடியில் குடம் நழுவியது. அழகம்மாள் மருமகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரே அண்ணன் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று அவர் தயாராக நின்றார். அவளோ அழுதாள்.

"கை வெளங்கலன்னா எங்கண்ணன் மகள வேணாம்னுருவேனா? என்னய எம்புட்டுக் கேவலமா நெனச்சிட்டண்ணே!"

அதற்குப் பதில் அவள் நாலு சாத்துச் சாத்தியிருக்கலாம். மறுநாளே சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு மதுரைக்கு ஓடினார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வக்கீல் பழைய வாக்குமூலத்தின் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கையெழுத்தே உங்களுக்கு எதிரா நிக்குது, பெரியவரே."

காசிமாயன் தங்கமான பையன்தான். ஆனால் கூலிக்காரன். அவனுக்கு வேலை இல்லாத நாளில் அடுப்பு எரியாது. செல்லத்தாயைக் களையெடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. கடை என்ற பேச்சை அவள் மறுபடி எடுக்கவே இல்லை. அப்பனை ஒரு வார்த்தை குறையும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது நல்லகாமன் ஒருநாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

எண்பத்து நாலில் வாடிப்பட்டிப் பக்கம் இன்னொரு விபத்து. அலங்காநல்லூர் பேச்சிமுத்துவின் மகளுக்கு முழங்கால் போய்விட்டது. டாக்டர் கொடுத்த தாளை அவன் தலையணைக்கு அடியில் செருகி வைத்திருந்தான்.

"மனுவுல லேசான அடின்னு எழுதுனாப் போதும். தையில நிச்சயம் வச்சிருக்கு."

நல்லகாமன் தன் பாட்டைப் பாடிப் பார்த்தார். பேச்சிமுத்து எரிந்து விழுந்தான்.

"சும்மா போங்கய்யா. பொம்பளப் பிள்ளையப் பெத்திருந்தாத் தெரியும் ஒமக்கு!"

அப்பனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்று அன்றைக்குச் செல்லத்தாயும் துணைக்கு வந்து, வராண்டாவில் உட்கார்ந்திருந்தாள். நல்லகாமன் போய் அவளைக் கூட்டிவந்தார்.

"இது எம் மக. ரயில்ல அடிபட்டது இவதேன். கையக் காட்டு ஆத்தா."

எட்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஒருவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டார். செல்லத்தாய் முந்தானையை விலக்கி, கையைக் கட்டில் கம்பியின் மேல் வைத்தாள். நடந்ததையெல்லாம் நல்லகாமன் ஒன்று விடாமல் சொன்னார். பேச்சிமுத்து கையையும் பார்த்தான், தன் மகள் முகத்தையும் பார்த்தான். தலையணைக்கு அடியிலிருந்த தாளை உருவி எடுத்தான்.

"மனு யாரு எழுதுவாக?" என்று கேட்டான்.

பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது நல்லகாமனுக்கு. மகள் பக்கம் திரும்பினார். அவள் கையை இன்னும் மறைக்கவில்லை.

"அன்னைக்கு அந்த ஆபீசருகிட்டயும் இப்படிக் காட்டச் சொல்லியிருக்கலாம்லய்யா?" என்றாள்.

எட்டு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.