இன்னொரு ஸ்காபுறோ

ரொறன்ரோவில் நான் இருக்கும் ஸ்காபுறோவுக்கு இங்கிலாந்து ஊரொன்றின் பெயரைத்தான் வைத்தார்களாம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு, அந்த ஊரைக் கண்ணால் பார்த்துவிட ஆசை. தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்காக லண்டனில் தங்கை வீட்டுக்குப் போனவன், சடங்குக்கு முதல்நாள் யாருக்கும் சொல்லாமல் ரயில் ஏறினேன். எங்கள் ரொறன்ரோ ஏரிக்கரையைப் போலவே கடலோரத்தில் செங்குத்தான மேடு, அதன்மேல் இடிந்த கோட்டை. வாசலில் நிற்கும்போது தங்கை அழைத்தாள்.

"எங்கை அண்ணை நிக்கிறியள்?"

"ஸ்காபுறோவிலை."

"ஐயோ, கனடாவுக்கே போட்டியளே? தாய்மாமன் தேங்காய் உடைக்காமல் பிள்ளைக்கு என்னெண்டு தண்ணி வாக்கிறது?"

"விசரி, இங்கிலாந்திலையும் ஒரு ஸ்காபுறோ இருக்கடி!"

"உங்கடை புளுகு எனக்குத் தெரியாதே!"

கோட்டையைப் படமெடுத்து அனுப்பிய பிறகுதான் அவள் அழுகை நின்றது. அவள்மேல் பிழையில்லை. அவளுடைய கல்யாணத்துக்கு முதல்நாளும் நான் இப்படித்தான் சொல்லாமல் போனேன், திரும்பி வரவில்லை. கோட்டைக்குள் போகாமலே ஸ்டேசனுக்கு நடந்தேன்.