வரையாட்டுப் படத்தின் பின்பக்கம்

காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிடும்போது கங்காணி சொன்னாராம், கம்பவுண்டர் அண்ணாச்சி மார்வலியில் போய்விட்டார் என்று. கொழுந்தெடுக்கப் போன அம்மா பாதி வழியில் திரும்பி வந்து சொன்னாள். நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

வனவிலங்குச் சங்கத்துக்கு உதவும் உங்களுக்குப் பருவந்தோறும் வரையாட்டுப் படங்கள் அனுப்பியவர் அவர்தான். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குவார். அவர் எழுத்தும் மருந்துச் சீட்டு மாதிரியே இருக்கும் என்பதால், படங்களின் பின்னால் எழுதியது நான்.

"ஆட்டைத்தான் பிடிப்பீகளா அண்ணாச்சி, எங்களை ஒரு போட்டோ பிடிக்க மாட்டீகளா?" என்று கொழுந்துக்காரப் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ரெண்டு நாள் காத்துக்கெடந்தா ஆடு ஒரு நொடி அசையாம நிக்கும். நீங்க நிப்பீகளா தாயி?" என்பார்.

ஒரு குளிர்காலத்தில், ஆடுகள் குட்டி போடும் பாறையின் பெயரைப் படத்தின் பின்னால் எழுதிவிட்டேன். உங்களில் ஒருவரான எங்கள் எஸ்டேட் கிளார்க், பெருமையாக அதை டீக்கடையில் எல்லோருக்கும் காட்டினார். அடுத்த ஞாயிறு அப்பா தூக்குச்சட்டி நிறையக் கறியோடு வந்தார். நானும் சாப்பிட்டேன். அது எந்தப் பாறையில் சுட்ட ஆடு என்று பிறகுதான் தெரிந்தது.

அண்ணாச்சியிடம் அழுதுகொண்டே சொன்னேன். மருந்துப் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார்.

"ஆடு எழுத்துக்கூட்டிப் படிக்காது புள்ள. மனுசன் படிப்பான். இனிமே மழையை எழுது, காத்தை எழுது. எடத்தை எழுதாத."

யாரிடமும் அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த பருவத்துக்கும் பேனாவை என்னிடமே நீட்டினார்.

இரண்டு வருடம் அந்தப் பாறை வெறுமையாகக் கிடந்தது. போன மாதம் ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். "வந்துட்டு புள்ள. வேற பாறைக்குக் குட்டியோட வந்துட்டு!" அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. படங்கள் போடி ஸ்டுடியோவிலிருந்து கழுவி வந்தபோது அவர் இல்லை. அந்த ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் இன்னும் ஒரு கணம் நின்றுவிடுகிறேன்.

நேற்று அப்பா கேட்டார். "கம்பவுண்டர் கடைசியா எந்தப் பக்கம்டி போனாரு?"

"தெரியாதுப்பா."

அவர் நம்பினாரா, தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் தூங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி எடுத்த கடைசிப் படம் இதனுடன் வருகிறது. தாயின் வயிற்றுக்குக் கீழே குட்டி ஒண்டி நிற்கிறது. திருப்பிப் பாருங்கள். 'பனி விலகிய காலை. மேல்காற்று.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். மீதியை நான் வைத்துக்கொள்கிறேன்: அந்தப் புதுப் பாறையின் பெயரை.